அமெரிக்காவிலிருந்து வந்த கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியின் 120 வோல்ட் பவர் சப்ளையை 230 வோல்ட்டுக்கு மாற்றி அமைக்க முடியுமா?

அந்தக் கருப்புப் பெட்டியைத் திறந்து மாற்ற முயல வேண்டாம். அதிலுள்ள டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுருள் ஏறத்தாழ 120 வோல்ட்டுக்கு மட்டுமே சுற்றப்பட்டது. பெரும்பாலான பெட்டிகளில் அதைச் சுற்றி எபாக்ஸி பிசின் ஊற்றி இறுக்கியும் இருப்பார்கள். நேரடியாக 230 வோல்ட்டில் செருகினால் சுருள் கருகிவிடும்.

உறவினர் ஒருவர் கொடுத்த அமெரிக்க கமடோர் 64-ஐ நான் முதலில் 110 வோல்ட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் இயக்கினேன். அது வேலை செய்தது; ஆனால் பெட்டி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியது. காரணம், அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்ட இரும்பு உள்ளகத்துக்கு நம் 50 ஹெர்ட்ஸில் அதே 120 வோல்ட்டைக் கொடுத்தால் காந்தப் பாயம் 20 சதவீதம் கூடும். 110 வோல்ட்டாகக் குறைத்தாலும் 10 சதவீதம் கூடவே செய்யும். அதைவிட எனக்குக் கவலை தந்தது உள்ளே இருக்கும், மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் பழைய 5 வோல்ட் ரெகுலேட்டர். அது பழுதடையும்போது வெளியீடு உயர்ந்து, கணினியின் ரேம் சிப்களையே அழித்துவிடக்கூடும்.

ஆகவே பெட்டியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டினேன். இந்தக் கணினிக்குள் வீட்டு மின்சாரம் நுழைவதே இல்லை. அதற்கு வேண்டியவை 5 வோல்ட் டிசி 1.5 ஆம்பியரும், 9 வோல்ட் ஏசி 1 ஆம்பியரும்தான். முதலாவதற்கு 230 வோல்ட் ஏற்கும் தரமான ஸ்விட்ச்சிங் சப்ளையையும், இரண்டாவதற்கு 230-க்கு 9 வோல்ட் சாதாரண டிரான்ஸ்பார்மரையும் ஒரே பெட்டியில் வைத்து, இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் கொடுத்தேன்.

9 வோல்ட்டையும் டிசியாகக் கொடுத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். கொடுக்கக் கூடாது. பழைய போர்டுகளில் ஒலிக்கான சிட் சிப்புக்கும் படத்துக்கான விக் சிப்புக்கும் வேண்டிய 12 வோல்ட், இந்த ஏசியை இரட்டிப்பாக்கித்தான் கிடைக்கிறது. உள்ளீடு, வெளியீட்டைக் கவனிக்கும் சிஐஏ சிப்பில் உள்ள நேரக் கடிகாரமும் இதே ஏசியின் துடிப்புகளை எண்ணித்தான் ஓடுகிறது. அந்தக் கடிகாரத்தை 60 ஹெர்ட்ஸுக்கு அமைக்கும் நிரல், நம் 50 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேரத்தை 50 நிமிடமாகக் காட்டும். சிப்பின் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் ஒரு பிட்டை மாற்றினால் சரியாகிவிடும். பேசிக் நிரல்மொழியில் நாம் பார்க்கும் நேரமும் திரையின் 60 ஹெர்ட்ஸும் போர்டிலுள்ள படிகத்தைச் சார்ந்தவை என்பதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை.

9 வோல்ட் ஏசியின் எந்த முனையையும் 5 வோல்ட்டின் கிரவுண்டோடு புதிய பெட்டிக்குள் இணைத்துவிடாதீர்கள். இணைத்தால் கணினிக்குள் ஏசியை டிசியாக்கும் டையோடு பிரிட்ஜின் ஒரு டையோடு வழியாகக் குறுக்குச்சுற்று ஏற்படும். கணினியில் செருகுவதற்கு முன் 5 ஓம், 10 வாட் மின்தடையை 5 வோல்ட் வெளியீட்டில் பூட்டி, அரை மணி நேரம் ஓடவிட்டு மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள்: அளவு 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் நிற்க வேண்டும். மின்தடை சூடாகும், தொடாதீர்கள்.

1541 டிஸ்க் டிரைவும் சேர்ந்து வந்திருந்தால், அதற்குள் தனி டிரான்ஸ்பார்மர் இருப்பதை மறக்க வேண்டாம். அதை மட்டும் ஸ்டெப் டவுன் வழியாகவே இயக்கி, நீண்ட நேரம் ஓடவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.