நிறமாலைக் கோடுகளிலிருந்து ஆற்றல் மட்டங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சோடியம் விளக்கின் மஞ்சள் கோடுகளை 588.995, 589.592 நா.மீ. என அளந்தேன். ஒரு கோடியை இவற்றால் வகுத்தால் வரும் அலைஎண் (ஒரு செ.மீ. நீளத்தில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை, ஆற்றலுக்கு அளவாகப் பயன்படுவது), அட்டவணையில் உள்ளதைவிட 5 செ.மீ.⁻¹ அளவுக்குக் கூடுகிறதே?

பதில்: நீங்கள் அளந்தது காற்றில் உள்ள அலைநீளம், அட்டவணையில் இருப்பதோ வெற்றிடத்துக்கானது. முதலில் காற்றின் ஒளிவிலகல் எண்ணால் (இங்கே சுமார் 1.000277) பெருக்கி, பிறகு வகுங்கள். 16973.4, 16956.2 என்று சரியாக வரும். இதே எண்ணை எல்லாக் கோடுகளுக்கும் போட்டுவிடாதீர்கள். ஊதாப் பக்கம் போகப்போக அது கூடும்.

கேள்வி: அடுத்த மட்டத்தை எப்படிப் பிடிப்பது?

பதில்: குளிர்ந்த சோடியம் ஆவி இவ்விரு கோடுகளையும் உறிஞ்சுவதால், இவை தரைமட்டத்தில் (அணுவின் மிகத் தாழ்ந்த ஆற்றல் மட்டத்தில்) முடிபவை. ஆகவே அந்த அலைஎண்களே, இக்கோடுகள் புறப்படும் 3பி எனப்படும் மட்டங்கள் இரண்டின் ஆற்றல், இடைவெளி 17.2. ஒரே மேல்மட்டத்திலிருந்து இரு 3பி மட்டங்களுக்கும் இறங்கும் கோடுகளும் இதே அளவு விலகியிருக்கும். எனவே இனி அதே 17.2 இடைவெளியுள்ள வேறு இணைகளைத் தேடுங்கள். 568.263, 568.820 நா.மீ. கோடுகள் 17592.6, 17575.4 தரும். பெரிய அலைஎண்ணைத் தாழ்ந்த மட்டத்தோடு கூட்டுங்கள்: 16956.2 + 17592.6 = 34548.8. மற்றதைக் கூட்டினாலும் 34548.8 தான். 4டி எனப்படும் அந்த மேல்மட்டம் கிடைத்துவிட்டது. (4டி-யும் இரட்டை மட்டம்தான், பிளவு 0.04-க்குள் இருப்பதால் இங்கே தெரியாது.)

கேள்வி: இரும்பு போன்ற சிக்கலான நிறமாலையில் இப்படித் தேடினால் எங்கு பார்த்தாலும் பொருந்துகிறது. எதை நம்புவது?

பதில்: பெரும்பாலானவை தற்செயல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20,000 செ.மீ.⁻¹ அகலத்தில் 2,000 கோடுகள், ஏற்கும் பிழை ±0.1 என்றால், எந்த இடைவெளியைக் கேட்டாலும் தற்செயலாகவே சுமார் 40 இணைகள் கிடைக்கும். பிழையை ±0.01 ஆக்கினால் 4. அதனால் துல்லியத்துக்குச் செலவிடும் நேரம் வீணே அல்ல. அப்போதும் இரண்டு கோடுகளை வைத்துப் புது மட்டம் அறிவிக்காதீர்கள். மூன்று நான்கு கோடுகளாவது இருக்கட்டும். தாவலில் பாரிட்டி (மட்டத்தின் இரட்டை-ஒற்றைச் சமச்சீர்) மாற வேண்டும், ஜே (மொத்தக் கோண உந்தத்தின் எண்) மாற்றம் 0 அல்லது ±1 ஆக இருக்க வேண்டும், 0-விலிருந்து 0-க்குத் தாவல் கிடையாது. வலுவாக வரவேண்டிய கோடு காணவில்லையென்றால், அந்த மட்டத்தைத் தயங்காமல் அடித்துவிடுங்கள். கிரேட்டிங் (நுண்கோடுகளால் ஒளியைப் பிரிக்கும் தகடு) கருவியென்றால் இன்னொன்று: 294.5 நா.மீ. கோட்டின் இரண்டாம் வரிசை (இருமடங்கு அலைநீளத்தில் தோன்றும் அதன் பிரதி) 589-இல் வந்து உட்காரும். புறஊதாவைத் தடுக்கும் வடிகட்டி வைத்தால் மறைந்துவிடும்.

கேள்வி: ஒரே மட்டத்துக்குப் பல மதிப்புகள் வந்தால் சராசரி போதுமா?

பதில்: போதாது. எல்லா மட்டங்களையும் சேர்த்து மீச்சிறு வர்க்க முறையில் (விலகல்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி) தீருங்கள். எடை, பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழ். ஒன்றோடொன்று கலந்த கோடுகளுக்கும், தன் ஒளியைத் தானே உறிஞ்சி நடுவில் குழிந்தவற்றுக்கும் எடையைக் குறையுங்கள். அளவுத்திருத்தப் பிழை (கருவியின் அளவுகோலிலேயே உள்ள பிழை) எத்தனை கோடு சேர்த்தாலும் போகாது. அதைத் தனியாகச் சேருங்கள்.

கேள்வி: ஒரு கூட்டம் மட்டங்கள் தரைமட்டத்தோடு இணையவே இல்லை.

பதில்: அவற்றின் ஆற்றலோடு '+எக்ஸ்' (தெரியாத ஓர் அளவு) சேர்த்து எழுதுவதே வழக்கம். இரு கூட்டத்தையும் இணைக்கும் வலுக்குறைந்த கோடு ஒன்று போதும், எக்ஸ் தெரிந்துவிடும். ஹீலியத்தின் மும்மை மட்டங்களை (இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் ஒரே திசையில் உள்ளவற்றை) தரைமட்டத்தோடு பிணைப்பது 59.14 நா.மீ. கோடு, காற்று அதை உறிஞ்சிவிடும் என்பதால் வெற்றிடக் கருவி இல்லாமல் அது கிடைக்காது.