டிசெப்ஷன் தீவின் கறுப்புச் சாம்பலும் லிவிங்ஸ்டன் தீவின் வெளிர்கல்லும் ஒரே எரிமலையிலிருந்து வந்தவையா?

இல்லை. அண்டார்க்டிகா போய்வந்து இதைக் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் கப்பலிலும் யாரோ "எல்லாம் லாவாதான்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

அப்படி ஒரு சுற்றுலாக் கப்பலில் மூன்று பருவங்கள் பணியாற்றினேன். படித்தது நிலவியல் முதுகலை; பார்த்த வேலை, கரையிலிருந்து திரும்புவோரின் பூட்ஸைத் தேய்த்துக் கழுவுவது. அது தேவையான வேலை. ஒரு விதைகூட ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிப் போய்விடக் கூடாது.

லிவிங்ஸ்டனிலிருந்து திரும்பிய ஒரு மூதாட்டி, தான் எடுத்த படத்தைக் காட்டி "இதுவும் லாவாவா?" என்று கேட்டார். வெள்ளை மாவில் கறுப்பு எள் தூவியது போன்ற கல். கிரானைட்டுக்கு உறவான டோனலைட் என்ற பாறை அது என்று பார்த்ததுமே தெரிந்தது. பிரஷைக் கீழே வைத்துவிட்டு விளக்கினேன். கடலடித் தட்டு ஒன்று ஒருகாலத்தில் இந்தத் தீவுகளுக்கு அடியில் அமிழ்ந்துகொண்டிருந்தது. அதனால் உருவான பாறைக்குழம்பில் ஒரு பகுதி மேலே வந்து எரிமலைப் பாறையானது. வெளிவர முடியாதது ஆழத்திலேயே மெல்ல மெல்லக் குளிர்ந்தது. அதனால்தான் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. லிவிங்ஸ்டனின் பார்னார்டு முனையில் இருக்கும் டோனலைட்டுக்கு வயது 4 கோடி ஆண்டுக்கு மேல். மேலிருந்த பாறைகள் அரித்துப் போன பிறகே அது வெளியே தெரிந்தது.

டிசெப்ஷன் அதற்கு முன்னால் கைக்குழந்தை. பிரான்ஸ்ஃபீல்டு நீரிணை பிளந்து விரிகிற இடத்தில் எழுந்த எரிமலை அது. உச்சி சரிந்து உள்வாங்கிய பள்ளத்துக்குள் கடல் புகுந்ததால்தான் கப்பல்கள் உள்ளேயே போய் நிற்கின்றன. 1967, 1969, 1970 ஆண்டுகளில் வெடித்தது. சிலி, பிரிட்டன் நிலையங்கள் அதில் அழிந்தன. கரை மணலில் இன்றும் ஆவி எழுகிறது.

டோனலைட்டைக் கிரானைட் என்றே சொன்னால் என்ன என்று சிலர் கேட்கலாம். பேச்சுவழக்கில் சொல்லுங்கள், சண்டைக்கு வரவில்லை. ஆனால் அதில் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் மிகக் குறைவு. பெயரை வேறாக வைத்ததற்குக் காரணம் அதுதான்.

அன்று மாலை மேலாளர் அழைத்து, "பயணிகளிடம் பேசுவது உன் வேலை இல்லை" என்றார். எல்லாம் ஒரே எரிமலை என்று கப்பலின் உரை மேடையில் சொன்னவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஊரிலும் இதே கதைதான். டோலரைட் என்ற வேறொரு கறுப்புப் பாறையைக் 'கறுப்பு கிரானைட்' என்று விற்கிறார்கள். சமையல் மேடைக்குக் கல் வாங்கப் போன கடையில் அதைச் சொன்னேன். "படித்தவர்களுக்கு வியாபாரம் புரியாது" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார்.