காரைக் கழுவி முடிச்ச பிறகு பெயிண்ட்ல கோடு விழாம எப்படித் துடைக்கிறது?

துணியையும் தண்ணியையும் பாருங்க. ஷாம்பூ எந்த கம்பெனிங்கறதெல்லாம் அப்புறம்.

நல்ல ஷாம்பூதான் போடறேன், நுரை வெச்சு மெதுவாத்தான் தேய்க்கறேன், ஆனா துடைச்சு முடிச்சு வெயில்ல நின்னு பாத்தா வட்ட வட்டமா கோடு தெரியுதுன்னு கேட்டிருக்கீங்க. கருப்பு இல்லைன்னா கருநீல வண்டி வெச்சிருப்பீங்கன்னு நினைக்கறேன். வெள்ளை வண்டியிலயும் கோடு விழத்தான் செய்யும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால "என் வண்டிய பத்து வருசமா பழைய வேட்டியிலதான் தொடைக்கறேன், ஒண்ணுமே ஆகல"ன்னு யாராவது சொன்னா முதல்ல வண்டி என்ன கலர்னு கேளுங்க.

நான் கார் பாலிஷ் கடை வெச்சிருக்கறவன் இல்லீங்க. ஊரு கேரளாவுல பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம், பார்டர் தாண்டி கோயமுத்தூர் பக்கம் துணி ப்ராசஸிங் யூனிட்ல வேலை. அதனால வண்டியப் பத்தி நான் சொல்றதுல குறை இருந்தா தெரிஞ்சவங்க திருத்துங்க, ஆனா துணியப் பத்தி சொல்றதுக்கு எனக்கு உரிமை இருக்குன்னு நம்பறேன். தினமும் அதுலதான் கெடக்கறேன்.

இந்தக் கேள்வியப் பாத்ததும் கை துறுதுறுன்னு வந்ததுக்குக் காரணம் இருக்கு. நான் ஆசைப்பட்டு கருநீலத்துல ஒரு வண்டி எடுத்தேன். முதல் ஃப்ரீ சர்வீஸுக்கு விடறப்பவே அட்வைஸர்கிட்ட "வாட்டர் வாஷ் வேண்டாம், ஆயில் செக் பண்ணிக் குடுத்தா போதும்"னு சொல்லி, ஜாப் கார்டுலயும் எழுத வெச்சேன். எந்த சர்வீஸ் சென்டர்னு பேர் சொல்ல வேண்டாம், எல்லா இடத்துலயும் இதான் நடக்குது. சாயங்காலம் வண்டி எடுக்கப் போனா பளபளன்னு கழுவி வெயில்ல நிக்குது, ஒரு பையன் கையில ஒரு கொத்து பனியன் வேஸ்ட் வெச்சு டயருக்கு மேல இருக்கற வளைவத் துடைக்கறான், அதே கொத்தோட நிமிந்து பானெட்டத் துடைக்கறான். நான் ஓடிப்போய் "தம்பி விடு விடு"ன்னு சொல்றதுக்குள்ள பாதி முடிஞ்சிருச்சு. அப்ப வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல. ராத்திரி பெட்ரோல் பங்க்குல அந்த எல்ஈடி லைட்டுக்குக் கீழ நிறுத்தினப்பதான் பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி கோடு. வயிறு எரிஞ்சு போச்சுங்க. புது வண்டி.

அடுத்த நாள் போய்க் கேட்டா சூப்பர்வைசர் சிரிச்சுக்கிட்டே "சேட்டா, இது எல்லா டார்க் கலர் வண்டியிலும் நார்மல் அல்லே"ன்னாரு. அப்புறம் அவரே "காசு குடுத்தா ரப்பிங் பாலிஷ் போட்டுத் தரலாம்"ங்கறாரு. கோடு போட்டதும் அவங்க, அத எடுக்கக் காசு கேக்கறதும் அவங்க. ஜாப் கார்டக் காட்டினேன், "வாஷ் காம்ப்ளிமெண்டரி, அதுக்கு நாங்க சார்ஜ் பண்ணல"ங்கறாரு. இந்தப் பதிலுக்கு என்ன சொல்றது? அந்தப் பையன் மேல எனக்குக் கோவமே கெடையாது. காலையில ஒரு பொட்டலம் வேஸ்ட்டக் குடுத்து சாயங்காலம் வரைக்கும் அத்தன வண்டியையும் அதுலயே துடைக்கச் சொன்னா அவன் என்ன பண்ணுவான்? லட்சக்கணக்குல வண்டி விக்கற இடத்துல சில நூறு ரூபாய்க்கு நல்ல துணி வாங்கி வெக்க மனசில்ல, அவங்க மேலதான் கோவம்.

இப்ப பனியன் வேஸ்ட்டுன்னா என்னன்னு சொல்றேன். திருப்பூர்ல பனியன் கட்டிங் பண்றப்ப மிஞ்சறது, ரிஜெக்ட் ஆன பீஸ் எல்லாம் சேத்து கிலோ கணக்குல கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு விக்கறாங்க. கிரீஸ் துடைக்க, கையத் துடைக்க அருமையான சரக்கு. ஆனா அது தரையில குமிச்சுக் கெடந்து வர்றது, மண்ணு இருக்கும், தையல் ஓரத்துல பாலியஸ்டர் நூல் இருக்கும், சிலதுல லேபிள், பட்டன் கூட வரும். பருத்தி மெத்துன்னுதானே இருக்கு, அது எப்படிக் கீறும்னு கேப்பாங்க. பருத்தி கீறல, அதுல ஒட்டின மண்ணுதான் கீறுது. எங்க ரோட்டுல ஜல்லி, எம்-சாண்ட் லாரி ராப்பகலா பார்டர் தாண்டிப் போகுது, அந்தத் தூசி பாறைத் தூசி, அதுல குவார்ட்ஸ் இருக்கும், கடினத்த அளக்கற மோஸ் அளவுல பத்துக்கு 7. இரும்பையே கீறற சாமான், பெயிண்ட் எந்த மூலைக்கு? தட்டையான துணியில அந்தத் துகள் உள்ள போக வழியில்லாம மேலயே நின்னு, நீங்க அழுத்தற பக்கமெல்லாம் இழுத்துக்கிட்டுப் போகும். வட்டமாத் துடைச்சா வட்டக் கோடு.

மைக்ரோஃபைபர்னு ரொம்ப மெல்லிசான செயற்கை இழையில வர்ற துணி ஏன் பரவாயில்லைன்னா, 9000 மீட்டர் இழை எத்தன கிராம் எடை வருதோ அதுதான் டெனியர்னு ஒரு கணக்கு, ஒரு டெனியருக்கும் கீழ இருக்கறதத்தான் மைக்ரோஃபைபர்னு சொல்றோம். பாலியஸ்டரும் பாலிஅமைடும் (நைலான் வகை) சேந்தது, 80க்கு 20, 70க்கு 30ன்னு வரும். ஒவ்வொரு இழையும் ப்ராசஸ்ல பிளந்து துண்டு துண்டா ஆகறதால நடுவுல நெறைய இடுக்கு இருக்கும், தண்ணிய உறிஞ்சும், மிச்சம் மீதி இருக்கற தூசியையும் உள்ள வாங்கி மேற்பரப்ப விட்டுத் தள்ளி வெச்சுக்கும். இழை குட்டையா, தட்டையா இருக்கற, கண்ணாடி துடைக்கற துணிய வாங்கி பெயிண்ட்டத் துடைக்காதீங்க. காரத் துவட்டறதுக்குன்னு பெருசா, சுருள் சுருளா லூப் வெச்சு வருது, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கறது) 500க்கு மேல பாத்து வாங்குங்க. ஓரத்துல தையல் உறுத்தலா இருந்தாலோ லேபிள் இருந்தாலோ பிரிச்சு எடுத்துருங்க. ஷாமி லெதர்னு தண்ணி துடைக்கற மெல்லிசான தோல்தான் பெஸ்ட்டுனு பெரியவங்க சொல்லுவாங்க. அது தண்ணிய நல்லா எடுக்கும், இல்லைங்கல. ஆனா அது வழவழன்னு தட்டையா இருக்கறது, தூசிக்கு ஒளிய இடம் இல்ல.

அந்தக் காலத்துல அம்பாசடர வேட்டித் துணியில துடைச்சாங்க, ஒண்ணும் ஆகலியேன்னு எங்க பெரியப்பாவே கேட்டாரு. அந்தப் பெயிண்ட் வேற பெரியப்பா. அதுல கலரே மேல்வரைக்கும் இருக்கும், பாலிஷ் போட்டா துணியில கலர் ஒட்டும் பாத்திருப்பீங்க. இப்ப வர்றதுல கலருக்கு மேல நிறமே இல்லாத கிளியர் கோட்னு ஒரு அடுக்கு, சுமாரா 40, 50 மைக்ரான். தலைமுடி ஒண்ணு 70 மைக்ரான் வரும்னா பாத்துக்கோங்க. கோடு விழறது அந்த அடுக்குலதான், வெளிச்சம் பட்டா சிதறி பளிச்சுன்னு தெரியறதும் அதனாலதான்.

சரி, துடைக்கவே வேண்டாம், அப்படியே காயட்டும்னு விட்டா என்னன்னு ஒரு கேள்வி வரும். நல்ல ஆத்துத் தண்ணி வர்ற ஊர்ல விட்டுப் பாக்கலாம். எங்க பக்கம் முடியாது. எங்க பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவோட கிழக்கு ஓரம் மழை நிழல் பகுதி, எல்லாம் போர்த் தண்ணி, உப்பு. குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயத்துல டிடிஎஸ் (ஒரு லிட்டர் தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு, மில்லிகிராம் கணக்குல) 500 வரைக்கும் நல்லது, வேற வழியில்லைன்னா 2000 வரைக்கும்னு வெச்சிருக்காங்க, எங்க வீட்டு போர் ஆயிரத்தத் தாண்டும். அந்தத் தண்ணி காயறப்ப தண்ணி மட்டும்தான் ஆவியாகும், கால்சியமும் மெக்னீசியமும் பெயிண்ட் மேலயே உக்காந்துக்கும். மார்ச், ஏப்ரல்ல பாலக்காட்டுல 40 டிகிரி வெயில், பானெட்டத் தொட்டா கை சுடும், அதுல ரெண்டு தடவ மூணு தடவ காஞ்சா வெள்ளை வட்டம் கிளியர் கோட்டுக்குள்ளயே எறங்கிரும், அப்புறம் பாலிஷ் இல்லாமப் போகாது. புதுசா விழுந்த கறைன்னா வெள்ளை வினிகர்ல சரிபாதி தண்ணி கலந்து ஒத்தி எடுத்து உடனே கழுவி விட்டா போயிரும், வெயில்ல வெச்சுப் பண்ணாதீங்க.

அதே மாதிரி ஒரு ரவுண்டு வேகமா ஓட்டிட்டு வந்தா காத்துலயே காஞ்சிரும்னு சொல்றதும் நம்ம பக்கத்துக்கு ஆகாது. மார்கழி, தை மாசத்துல பாலக்காட்டுக் கணவாய் வழியா கெழக்குக் காத்து அடிக்கும் பாருங்க, வேலந்தாவளம் ரோட்டுல ஈர வண்டியோட போனா திரும்பி வர்றப்ப வண்டி மேல மண்ணு பூசின மாதிரி இருக்கும். காத்து அடிக்கறதுக்கு முன்னாடி, விடியக்காலையில, நிழல்ல கழுவிரணும்.

நான் பண்றது இதுதான். வீட்டு ஏசியில இருந்து வெளிய சொட்டற தண்ணிய ஒரு பக்கெட்டுல பிடிச்சு வெக்கறேன். காத்துல இருக்கற ஈரம் குளுந்து வடியறது அது, உப்பு கிட்டத்தட்ட இல்ல. ராத்திரி முழுக்க ஓடினா அஞ்சாறு லிட்டர் சேரும், காத்து வறண்டிருக்கற மாசத்துல கொறையும். வடிதுணி கட்டி வடிகட்டி, புதுசா வாங்கின கை பம்ப் ஸ்ப்ரேயர்ல ஊத்திக்கறேன் (தோட்டத்துல மருந்தடிச்ச ஸ்ப்ரேயர் வேண்டவே வேண்டாம்). போர்த் தண்ணியில ஷாம்பூ எல்லாம் போக அலசின பிறகு, அது காயறதுக்குள்ள இந்தத் தண்ணிய கூரையில இருந்து கீழ வரைக்கும் அடிச்சு விட்டா உப்புத் தண்ணி வழிஞ்சு போயிரும். மழைத் தண்ணி பிடிச்சு வெச்சாலும் இதே வேலை செய்யும். ஆர்ஓ மெஷின்ல வெளிய வர்ற வேஸ்ட் தண்ணிய சில பேர் காருக்கு ஊத்தறாங்க, தயவு செஞ்சு ஊத்தாதீங்க, அதுலதான் உப்பு எல்லாம் கெட்டியாச் சேந்து வரும்.

தண்ணிய மிச்சம் பண்ணத் தெரியாதவன்னு யாரும் நினைச்சுர வேண்டாம். தமிழ்நாடும் கேரளாவும் போட்ட 1970 ஒப்பந்தப்படி பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்துல இருந்து வருசத்துக்கு 7.25 டிஎம்சி மணக்கடவுல எங்க பக்கத்துக்கு விடணும், ஒவ்வொரு கோடையிலயும் அதுக்கு ரெண்டு பக்கமும் சண்டை. அந்த நேரத்துல கோயமுத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போனா "கேரளாக்காரங்க தண்ணிய எடுத்துக்கறீங்க"ம்பாங்க, இந்தப் பக்கம் ஒரு ஆபீஸ்ல போய் நின்னா "பாண்டி"ம்பாங்க. வீட்டுல தமிழ் பேசறோம், ரேஷன் கார்டு மலையாளத்துல இருக்கு, வண்டியில கேஎல் 70ன்னு கேரளா நம்பர் பாத்ததும் அந்தப் பக்கம் கைகாட்டி நிறுத்தறாங்க, வாயத் திறந்ததும் இந்தப் பக்கம் நிறுத்தறாங்க. பார்டர்ல பொறந்தவன் எந்தப் பக்கமும் சேத்தி இல்லைங்கற மாதிரி நடத்தறது எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கு. கேள்விக்கு சம்பந்தமில்லதான், தண்ணின்னு வந்ததால வந்துருச்சு.

துடைக்கறதுக்கு வரேன். பெரிய துண்ட விரிச்சு பானெட் மேல அப்படியே போடுங்க, மேல லேசா கையால தட்டுங்க, இல்லைன்னா ரெண்டு முனையப் பிடிச்சு உங்க பக்கமா மெதுவா இழுங்க. அழுத்தம் வேண்டாம், துண்டோட எடையே போதும். வட்டமாத் தேய்க்கற பழக்கத்த மட்டும் விட்டுருங்க. கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, அப்புறம் கதவோட மேல்பாதி. கதவுக்குக் கீழ்ப்பாதியும் டயர்ப் பக்கமும் வேற துணி, அந்தத் துணிக்குக் கலரே வேற வாங்கி வெச்சிருங்க, அப்பதான் வீட்டுல யாரு எடுத்தாலும் மாறாது. துண்டு கீழ விழுந்துச்சுன்னா அன்னைக்கு அது அவ்வளவுதான், எடுத்து உதறிட்டுத் திரும்பத் துடைக்கக் கூடாது, துவைச்சுத்தான் ஆகணும். சைடு மிரர், கதவுக் கைப்பிடி, பெட்ரோல் மூடி, பேர் எழுதின எம்ப்ளம் இடுக்குல இருந்து தண்ணி அப்புறமா வடிஞ்சு கோடு போடும், சின்ன எலக்ட்ரிக் ப்ளோயர் இருந்தா ஊதி விடுங்க. கதவத் திறந்து உள் ஓரத்தையும் துடைங்க. சிலிக்கான் வைப்பர் கட்டைய வெச்சு வழிக்கறது கண்ணாடிக்கு சரி, பெயிண்ட்டுக்கு ஒரே ஒரு மண்ணு மாட்டினா நீளக் கோடு.

துண்டத் துவைக்கறப்ப கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊத்தாதீங்க, அது இழை மேல படலமா உக்காந்து தண்ணி உறிஞ்சறத நிறுத்திரும். சுடுதண்ணி, இஸ்திரி ரெண்டும் ஆகாது. பருத்தித் துணியோட சேத்துப் போட்டா பஞ்சு பூரா இதுல ஒட்டிக்கும், தனியாப் போடுங்க.

வண்டி ஈரமா இருக்கறப்ப கவர் போடாதீங்க. அப்புறம் தெருமுனை வரைக்கும் மெதுவா ஓட்டி ரெண்டு மூணு தடவ பிரேக் பிடிச்சுட்டு வந்து நிறுத்துங்க, டிஸ்க் ஈரத்தோட நின்னா மேலாக துரு படியும்.

ஏற்கெனவே விழுந்த கோட்டுக்கு அவசரப்பட்டு கடையில ரப்பிங் காம்பவுண்ட் (பெயிண்ட் மேல்பரப்ப அராவி எடுக்கற பசை) வாங்கித் தேய்க்காதீங்க. பெயிண்ட் கனம் அளக்கற மீட்டர் வெச்சிருக்கற ஆள்கிட்டப் போங்க, பாலிஷ் போட்டா கிளியர் கோட்ல ஒரு பங்கு கொறையும், அது திரும்பி வராது. நானும் கோயமுத்தூர்ல அப்படி ஒருத்தர்கிட்ட அளக்கச் சொல்லி, லேசா ஒரு தடவ மட்டும் போட்டேன், ஆழமா இருந்த ரெண்டு மூணு கோட்ட எடுக்காம அப்படியே விட்டுட்டேன். அளக்காம மிஷின எடுக்கற கடையா இருந்தா வண்டியத் திருப்பிட்டு வந்துருங்க.