கர்னலில் பாயின்டர் உதவி ஃபங்ஷன்களை ரிவ்யூ செய்யும்போது எதைப் பார்ப்பது?

சி மொழி நன்றாகத் தெரியும், லினக்ஸ் கர்னல் புதிது, பாயின்டர்களைக் கையாளும் குட்டி உதவி ஃபங்ஷன்கள் அடங்கிய பேட்ச் (நிரல் மாற்றத் தொகுப்பு) ஒன்றை ரிவ்யூ செய்யச் சொல்லிவிட்டார்கள், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஃபங்ஷனைப் படிப்பதற்கு முன்னால், அதைக் கூப்பிடும் இடங்களைப் படியுங்கள். மூன்று வரி ஃபங்ஷனுக்குள் தப்பு இருந்தால் யார் கண்ணிலும் பட்டுவிடும். கூப்பிடுகிறவர் அதை என்னவென்று நம்பிக் கூப்பிடுகிறார் என்பதில்தான் வில்லங்கம்.

கர்னலில் ஓடும் பாயின்டர்கள் எல்லாம் ஒரே இனம் இல்லை. கேமல்லாக் (kmalloc, நிஜ மெமரியில் தொடர்ச்சியான இடம் ஒதுக்குவது) கொடுத்தது ஒன்று, விமல்லாக் (vmalloc, சிதறிய பக்கங்களைத் தொடர்ச்சியாகக் காட்டி ஒதுக்குவது) கொடுத்தது ஒன்று, பயனர் நிரல் நீட்டியது ஒன்று, முகவரியே இல்லாமல் வெறும் பிழை எண்ணைச் சுமந்து வருவது இன்னொன்று. கம்பைலருக்கு எல்லாமே வாய்ட் ஸ்டார்தான். உதவி ஃபங்ஷன் என்பது பெரும்பாலும் ஒரு இனத்தை இன்னொன்றாக மாற்றுகிற இடம். அதனால் உள்ளே வருவது எந்த இனம், வெளியே போவது எந்த இனம், அதை விடுவிக்க வேண்டியவர் யார் என்று மூன்றையும் கேளுங்கள்.

பிழை பாயின்டரையே எடுத்துக்கொள்வோம். முகவரி வெளியின் உச்சியிலிருக்கும் 4095 மதிப்புகளை லினக்ஸ் பிழை எண்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறது. பாயின்டர் அந்த வரம்புக்குள் விழுகிறதா என்று பார்ப்பது இஸ்_எர் (IS_ERR). நல் (NULL, எதையும் சுட்டாத) பாயின்டர் அந்த வரம்பில் இல்லை, எனவே இஸ்_எர் அதைப் பிழையாகக் கருதாது. இதற்குப் பயந்து சிலர் பிழையா நல்லா என்று இரண்டையும் பார்க்கும் இஸ்_எர்_ஆர்_நல் போட்டுச் சோதித்து, அது உண்மையானால் பிடிஆர்_எர் (PTR_ERR, பாயின்டரிலிருந்து பிழை எண்ணை எடுப்பது) தரும் எண்ணைத் திருப்பி அனுப்புவார்கள். பார்க்கப் பத்திரமாகத்தான் தெரியும். ஆனால் நல் வந்தால் பிடிஆர்_எர் தருவது 0. கர்னலில் 0 என்றால் வெற்றி. மெமரி கிடைக்காமல் திரும்பிய ஃபங்ஷன், மேலே இருப்பவரிடம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிடுகிறது. அதை நம்பி அவர் அடுத்த வரியில் அந்த ஸ்ட்ரக்டைத் தொடுவார். நிரலை ஓட்டாமலே தப்பு தேடும் ஸ்மாட்ச் என்ற கருவி இதைப் பிடித்து எச்சரிக்கும். என் வழக்கம் என்னவென்றால், இஸ்_எர்_ஆர்_நல் கண்ணில் பட்டவுடனே, இந்த ஃபங்ஷன் நல் திருப்புமா, பிழை பாயின்டர் திருப்புமா, ஒன்றை முடிவு செய்யுங்கள் என்று எழுதிவிடுவேன். இரண்டையும் திருப்புவதற்கு நியாயமான காரணம் அரிதாகத்தான் இருக்கும்.

அப்புறம் விடுவிக்கும் விஷயம். கேவிமல்லாக் முதலில் கேமல்லாக் வழியாக முயன்று, அது கிடைக்காதபோது, கேட்ட அளவு ஒரு பக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால், விமல்லாக் பக்கம் போகும். உதவி ஃபங்ஷன் உள்ளுக்குள் கேவிமல்லாக் பயன்படுத்தி, கூப்பிட்டவர் கேமல்லாக் மெமரியை மட்டும் விடுவிக்கும் கேஃப்ரீ போட்டிருந்தால், சின்ன அளவுகளில் சோதனை எல்லாம் பாஸாகிவிடும். மெமரி சிதறிக் கிடக்கும் மெஷினில், பெரிய அளவு கேட்கும்போதுதான் வெடிக்கும். இரண்டு வகையையும் விடுவிக்கத் தெரிந்த கேவிஃப்ரீதான் போட வேண்டும் என்பதை ஃபங்ஷனுக்கு மேலே உள்ள கமென்ட் சொல்லியே ஆக வேண்டும். கர்னல் முகவரியை நிஜ மெமரி முகவரியாக மாற்றும் விர்ட்_டு_பிஸ் போன்றவையும் இதே கதைதான், நேரடி மேப்பில் (நிஜ மெமரி அப்படியே வரிசையாகத் தெரியும் பகுதி, விமல்லாக் முகவரிகள் இதில் வராது) உள்ள முகவரிக்குத்தான் அவை சரியான விடை தரும். 4.9 பதிப்பில் எக்ஸ்86 கர்னல் ஸ்டாக்கையே விமல்லாக் பகுதிக்கு நகர்த்தும் வசதி வந்தபோது, ஸ்டாக்கில் உள்ள பஃபரை டிஎம்ஏவுக்குக் (சாதனம் நேரடியாக மெமரியைத் தொடும் முறை) கொடுத்துக்கொண்டிருந்த டிரைவர்கள் மாட்டிக்கொண்டன.

பயனர் பாயின்டரில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். 2017இல் வெளிவந்த 4.13 பதிப்பில் வெயிட்ஐடி (waitid) என்ற சிஸ்டம் கால், பயனர் மெமரியில் எழுதுவதற்கு வேகமான அன்சேஃப்_புட்_யூசரைப் பயன்படுத்தும்படி மாற்றினார்கள். அது முகவரி பயனர் பகுதியில்தான் இருக்கிறதா என்று பார்க்காது, அதைப் பார்க்கும் ஆக்சஸ்_ஓகேயை முன்னாடியே போட்டிருக்க வேண்டும். அந்த வரி விட்டுப்போனதால், சாதாரணப் பயனரே கர்னல் மெமரியில் எழுத வழி கிடைத்தது. இந்த ஓட்டையின் பதிவு எண்ணான சிவிஇ-2017-5123 (CVE-2017-5123) என்று தேடிப் பாருங்கள். அதன்பிறகு 5.0 பதிப்பில், அன்சேஃப் ஃபங்ஷன்களுக்கு முன்னால் கூப்பிட்டே ஆக வேண்டிய யூசர்_ஆக்சஸ்_பிகின் தானே இந்தச் சோதனையைச் செய்துகொள்ளும்படி மாற்றினார்கள். எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இது. மறக்கக்கூடிய ஒன்றை மறக்கவே முடியாத இடத்தில் வைத்துவிட்டார்கள். உங்கள் பேட்சில் அப்படி நகர்த்தக்கூடிய சோதனை எதுவும் இருக்கிறதா என்று தேடுங்கள். கூடவே, பாயின்டர் இனங்கள் கலப்பதை எச்சரிக்கும் ஸ்பார்ஸ் என்ற கருவியின் வாயை அடைக்கப் போட்ட __ஃபோர்ஸ் காஸ்ட் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேளுங்கள்.

உறுப்பின் முகவரியிலிருந்து அது அடங்கிய ஸ்ட்ரக்டின் முகவரியைத் தரும் கன்டெய்னர்_ஆஃப் பற்றியும் ஒன்று. அது வெறும் கழித்தல், நல்லுக்கென்று எந்தத் தனிச் சலுகையும் கிடையாது. உறுப்பு ஸ்ட்ரக்டின் முதல் இடத்தில் இருந்தால் நல்லைக் கொடுத்தாலும் நல்லே திரும்பும், அதன் பின்னால் போட்ட நல் சோதனையும் வேலை செய்வதுபோல் தெரியும். நாளைக்கு யாரோ அந்த உறுப்புக்கு மேலே ஒரு புலம் சேர்த்தால், சோதனை சத்தமில்லாமல் செத்துவிடும். கன்டெய்னர்_ஆஃப் முடிந்த பிறகு நல் பார்க்கும் நிரல் வரியைக் கண்டால், சோதனையை அதற்கு முன்னால் கொண்டுபோகச் சொல்லுங்கள். சோதனையின் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2009இல் டன் (TUN) என்ற நெட்வொர்க் டிரைவரில் இருந்த ஓட்டை பழைய சாட்சி. பாயின்டரைத் தொட்ட பிறகு நல் சோதனை இருந்தது, தொட்டாகிவிட்டதே, எப்படி நல்லாக இருக்கும் என்று கம்பைலர் அந்தச் சோதனையையே தூக்கிவிட்டது. இன்று கர்னல் அதைத் தடுக்கும் கம்பைலர் கொடியோடுதான் (flag) கம்பைல் ஆகிறது. அதற்காக வரிசை தப்பிய நிரல் வரிகளை விட்டுவிட வேண்டியதில்லை.

பெயர், இடைவெளி, மேக்ரோவா இன்லைனா என்பதெல்லாம் பிறகு. டைப் பார்த்துக்கொள்ளும் என்பதால் இன்லைன்தான் என் ஓட்டு. ஒரே ஒரு இடத்தில் கூப்பிடுவதற்காகப் புது உதவி ஃபங்ஷனைப் பொது ஹெடரில் வைத்திருந்தால், அதை அந்த ஃபைலுக்குள்ளேயே ஸ்டாடிக்காக வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.