பிசிறோடு நிற்கும் ஜாடி

அன்புள்ள ஐயா,

இருபது வருடமாக ஒரு ரப்பர் வார்ப்பு ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டிசைன் படிக்கிற என் மகள், ஹெல்லா யோங்கேரியஸ் என்கிற டச்சு வடிவமைப்பாளர் செய்த ரப்பர் ஜாடி ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தாள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறதாம். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு அப்படியே தெரிகிறது. கோட்டில் பிதுங்கி நிற்கும் பிசிறைக்கூட வெட்டவில்லை. எங்கள் ஆலையில் இப்படி வந்தால் கழித்துக் கட்டிவிடுவோம். பெரிய இடத்தில் வைத்துவிட்டால் குறைகூடக் கலையாகிவிடுமா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கண் சரியான இடத்தில்தான் போய் நின்றிருக்கிறது. அந்தக் கோடு இல்லையென்றால் அந்த ஜாடியே இல்லை.

யோங்கேரியஸ் 1963-ல் பிறந்தவர். நெதர்லாந்தின் ஐந்தோவன் வடிவமைப்புக் கல்லூரியில் 1993-ல் படிப்பை முடித்தார். இந்த ரப்பர் ஜாடி அதையொட்டிச் செய்த வேலை. உருவத்தைப் பாருங்கள், மண்ணைத் தோண்டும்போது கிடைக்கிற பழைய தாழி மாதிரி இருக்கும். ஆனால் பொருள் பாலியூரித்தேன் என்கிற செயற்கை ரப்பர். அமுக்கினால் நெளியும், கீழே போட்டால் உடையாது. கோட்டை வழித்து மழமழவென்று ஆக்கியிருந்தால், இன்னொரு மண் ஜாடி என்று நினைத்துக் கடந்து போயிருப்போம். கோடு இருப்பதால்தான் இது எப்படி உருவானது என்ற கேள்வி வருகிறது. உங்களுக்கும் அதனால்தான் வந்தது.

நீங்கள் பிசிறைக் கழிப்பதில் தவறே இல்லை. உங்கள் உருப்படி இன்னொரு உருப்படியோடு கச்சிதமாகப் பொருந்த வேண்டும். அங்கே பிசிறு கேட்காமல் வந்த விருந்தாளி. இவரோ பிசிறை அழைத்து உட்கார வைக்கிறார்.

1990-களின் கடைசியில் 'பி-செட்' என்று பீங்கான் தட்டும் கோப்பைகளும் செய்தார். பீங்கானைச் சூளையில் சுடும்போது அது கொஞ்சம் இளகும். வெப்பம் அளவோடு நின்றால் வடிவம் நிற்கும். இவர் அளவுக்கு மேல் சூடேற்றச் சொன்னார். ஒரே அச்சில் வந்த கோப்பைகள்தான், ஆனால் ஒன்றின் விளிம்பு இடப்பக்கம் சாய்ந்தது, இன்னொன்று லேசாகத் தொய்ந்தது. கோணலைக் கையால் செய்யவில்லை, சூளை செய்தது. கைவினைஞர் தனித்தனியாகச் செய்தால் ஒவ்வொன்றும் வேறாக வருவது இயல்பு. ஆலைத் தயாரிப்பிலேயே அந்த வேறுபாட்டைக் கொண்டுவந்ததுதான் இவருடைய சாதனை என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம், அருங்காட்சியகம். அங்கே போய்ச் சேர்வதோடு ஒரு பொருளின் கதை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். யோங்கேரியஸ் அங்கிருந்துதான் வேலையைத் தொடங்குகிறார். நியூயார்க்கின் கூப்பர் ஹூயிட் வடிவமைப்பு அருங்காட்சியகம், தன் சேகரிப்பிலிருந்து விரும்பியதை எடுத்துக் கண்காட்சி வைக்கச் சொல்லி 2005-ல் இவரை அழைத்தது. பொக்கிஷங்களை விட்டுவிட்டு, தையல் பழகும் துணிகளை எடுத்தார். அந்தக் காலத்துச் சிறுமிகள் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டபோது எழுத்துகளும் பூக்களும் ஓரக்கரைகளும் தைத்துப் பார்த்த துணிகள் அவை. அவற்றை வைத்துப் புதிதாகப் போர்வைகளும் செய்தார். ஒரு பெரிய சேகரிப்பைத் திறந்துவிட்டால் பழகுகிறவர்களின் வேலையைத்தான் எடுப்பேன் என்பவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை.

2010-ல் ரோட்டர்டாமின் போய்மன்ஸ் வான் பெனிங்கன் அருங்காட்சியகம் இவருடைய வேலைகளை மொத்தமாகக் காட்சிக்கு வைத்தது. கண்காட்சியின் பெயர் 'மிஸ்ஃபிட்', அதாவது பொருந்தாதது. அதில் 300 ஜாடிகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

அருங்காட்சியகத்துக்கு மட்டும் செய்கிறவர் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஐக்கியா என்கிற மரச்சாமான் நிறுவனத்துக்காக 2005-ல் ஜாடிகள் செய்தார், ஒரே உருவத்தை நான்கு வகை மண்ணில். டச்சு விமான நிறுவனமான கேஎல்எம்முக்கு விமான உட்புறத்தை வடிவமைத்தபோது ஊழியர்களின் பழைய சீருடைக் கம்பளியைத் தரைவிரிப்பில் சேர்த்தார். எண்ணம் நல்லதுதான், பார்வைக்கு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. நியூயார்க்கில் ஐ.நா. பிரதிநிதிகள் கூடும் ஓய்வறைக்கு 2013-ல் செய்த திரைச்சீலை அப்படியல்ல. 30,000 பீங்கான் மணிகளைக் கையால் முடிச்சுப் போட்டுக் கோத்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரிய இடத்தில் வைத்தால் குறை கலையாகுமா? ஆகாது. சூளைக்காரர் கவனக்குறைவால் கோணிய கோப்பையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலும் அது கோணிய கோப்பைதான். எந்தக் குறையை எதற்காக விட்டுவைப்பது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்த அந்த முடிவைத்தான் அருங்காட்சியகங்கள் பாதுகாக்கின்றன.

உங்கள் மகளிடம் இன்னொரு படம் கேளுங்கள். 2000-ல் இவர் செய்த நீண்ட கழுத்துப் புட்டி. ஒரு பாதி கண்ணாடி, ஒரு பாதி பீங்கான். பீங்கான் சுடும் வெப்பத்தில் கண்ணாடி உருகிவிடும் என்பதால் இரண்டையும் சூளையில் ஒன்றாக்க முடியாது. அதனால் டேப்பால் சுற்றி ஒட்டிவிட்டார். உங்கள் ஆலையில் பார்சல் பெட்டிக்கு ஒட்டுவீர்களே, அந்த மாதிரி டேப். அந்த ஒட்டைப் பார்த்துவிட்டு, உங்கள் மேஜைக்கு வந்திருந்தால் பாஸ் செய்திருப்பீர்களா என்று எழுதுங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.