கடிவாளத்தைக் கழற்றி வையுங்கள், முதலில் பல்லைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சளும் கரும்பும் விவசாயம். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு கத்தியவார் பெட்டைக் குதிரை வாங்கினேன். நாலு வயது, சுழி சுத்தம், வண்டிக்குப் பழகியது என்று தரகர் சொன்னார். சந்தையில் அசையாமல் நின்றது. வீட்டுக்கு வந்த மறுநாளே கடிவாளத்தைக் கண்டால் தலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறது. என் மகனைக் கடித்துவிட்டது, என்னை ஒருமுறை உதைத்தது. தரகரிடம் கேட்டதற்கு ஒரு முள் கடிவாளத்தைக் கொடுத்து, "இதைப் போட்டு ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தானா அடங்கிடும்" என்றார். நேற்று போட்டுப் பார்த்ததில் வாயோரம் கிழிந்ததுதான் மிச்சம். முன்பல்லில் நடுவில் இருப்பவை மட்டும் பெரிதாகவும் மற்றவை சின்னதாகவும் இருக்கின்றன, இது ஏதும் நோயா? தோட்டத்தில் புல் அறுக்க வரும் அம்மாவை மட்டும் கிட்டே விடுகிறது. தைப் பொங்கலுக்கு வண்டியில் பூட்ட ஆசை. எந்தக் கடிவாளம் போடலாம்? கொள்ளைக் குறைத்தால் அடங்குமா?

பதில்: தம்பி, பல்லைப் பற்றி நோயா என்று போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். நோய் இல்லை, வயது. குதிரைக்கு முன்பல்லில் நடு ஜோடிப் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைப்பது இரண்டரை வயதில். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்தில் இருப்பது நாலரையில். நடுப்பல் மட்டும் மாறியிருக்கிறது என்றால் உங்கள் குதிரைக்கு இரண்டரையைத் தாண்டி மூன்றரைக்குள்தான் இருக்கும். நாலு வயது என்றது பொய். நாலு வயதே இல்லாதபோது வண்டிக்குப் பழகியது என்பதும் ஏறக்குறைய பொய்தான். நீங்கள் வாங்கியது இன்னும் எதுவும் கற்றுக்கொள்ளாத ஒரு குட்டி.

இன்னொன்றையும் கவனியுங்கள். முன்பல் மாறுகிற இதே பருவத்தில் கடைவாயிலும் பால்பல் கழன்றுகொண்டிருக்கும், ஈறு நொந்து கிடக்கும். முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், கடிவாளம் உட்காரும் இடத்தை ஒட்டி, சில குதிரைகளுக்குச் சின்னதாய் ஒரு உபரிப் பல் இருக்கும். இரும்பு அதில் இடித்தால் உயிர் போகும். மேல் கடைவாய்ப் பல்லின் வெளி விளிம்பு கூராகிக் கன்னத்தை உள்ளே கிழித்திருக்கவும் கூடும். இத்தனையும் இருக்கக்கூடிய ஒரு வாயில் முள் கடிவாளத்தை மாட்டியிருக்கிறீர்கள். தலையைத் தூக்காமல் வேறென்ன செய்யும்?

அந்த முள் கடிவாளத்தைத் தரகரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள், அடுத்த ஆளுக்கு விற்றுவிடுவார். பழைய இரும்புக் கடையில் போடுங்கள். வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள் முள் வைத்த கடிவாளத்தைத் தடை செய்திருக்கின்றன. அப்படியிருந்தும் சந்தையில் அது தாராளமாகத் தொங்குகிறது. வாங்க ஆள் இருக்கும்வரை தொங்கும்.

நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கடிவாளம் என்று ஒன்று போடும் காலம் வரும்போது, வழவழப்பான, பருமனான கம்பி, இரண்டு பக்கமும் வளையம், நடுவில் ஒரு மூட்டு அல்லது மூட்டே இல்லாத நேர்க்கம்பி, அது போதும். ஆனால் அதற்கு முன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, குதிரை பார்த்துப் பழக்கமுள்ள ஒரு டாக்டரிடமோ கொண்டுபோய் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மாடு மட்டுமே பார்க்கிற டாக்டரிடம் போனால் "கடைவாய் வரைக்கும் பாருங்க" என்று நீங்களே கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அதுவரை முகக்கயிறு மட்டும்.

இனி நான் எப்போதும் சொல்லிச் சொல்லி அலுக்காத விஷயத்துக்கு வருகிறேன். குதிரை எதைக் கற்றுக்கொள்கிறது? நீங்கள் இழுப்பதை அல்ல, விடுவதை. கயிற்றில் இழுப்பு விழுந்ததும் அது நாலு வழி தேடும். தலையைத் தூக்கிப் பார்க்கும், பின்னால் போகும், பக்கத்தில் சாயும், முன்னால் வரும். எதைச் செய்கிறபோது கயிறு தளர்கிறதோ அதுதான் சரியான வழி என்று மனதில் எழுதிக்கொள்ளும். இப்போது உங்கள் வீட்டில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். கடிவாளத்தோடு போகிறீர்கள், அது தலையைத் தூக்குகிறது, நீங்கள் பயந்து கையை எடுக்கிறீர்கள். அது மகனைக் கடிக்கிறது, மகன் ஓடுகிறான். உதைக்கிறது, நீங்கள் விலகுகிறீர்கள். தலையைத் தூக்கு, கடி, உதை என்று ஒரு ஆசிரியர் மாதிரி நீங்களே ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். குதிரை நன்றாகப் படிக்கிறது. பாடம்தான் தப்பு.

மாற்றுவது எப்படி? பன்னிரண்டு அடிக் கயிறு ஒன்றை முகக்கயிற்றில் மாட்டுங்கள். கயிற்றைக் கையில் சுற்றவே சுற்றாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். குதிரை பாய்ந்தால் சுற்றிய கயிறு விரலைக் கொண்டுபோய்விடும். நேர் எதிரே நிற்காதீர்கள். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது, மற்றபடி பக்கவாட்டில் ஏறக்குறைய முழு வட்டமும் பார்க்கும். இடது தோளருகே, அதே திசையைப் பார்த்து நில்லுங்கள். கயிற்றை முன்பக்கமாக, இரண்டு விரல் பலத்தில் தாங்குங்கள். இழுக்க வேண்டாம், தாங்கினால் போதும். அது பின்னால் சாய்ந்தால் நீங்களும் கூடவே போங்கள், பலத்தைக் கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். ஒரு கட்டத்தில் உடம்பின் எடை முன்கால் பக்கம் நகரும். கால் எடுத்து வைக்கும் முன்பே மார்பில் அது தெரியும். அந்த நொடியில் கயிற்றைத் தொங்க விடுங்கள். அரை அடி வந்தாலும் போதும். அங்கேயே நிறுத்தி, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரலால் நன்றாகச் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் நிரடிக்கொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு இறங்குவதை 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்தே காட்டியிருக்கிறது. கழுத்தில் பட்பட்டென்று தட்டிக் கொடுப்பது மனிதர்களுக்குப் பிடித்த வேலை, குதிரைக்கு அல்ல.

தலையைத் தொடுவதற்கும் இதே கணக்குத்தான். கையைத் தோளில் வையுங்கள், கழுத்தில் மேலே போங்கள். எங்கே வந்ததும் தசை இறுகுகிறதோ அங்கே நில்லுங்கள். தலையைத் தூக்கினால் கை கூடவே போகட்டும், எடுக்காதீர்கள். தலை ஒரு அங்குலம் இறங்கியதும், காது உங்கள் பக்கம் திரும்பியதும், அப்போது எடுங்கள். இறங்குகிறபோது எடுக்க வேண்டிய கையைத் தூக்குகிறபோது எடுத்தால் அன்றைய உழைப்பு வீண். மூக்குத் துளை சுருங்கி, கீழ் உதடு இறுகி, முகவாயில் சுருக்கம் விழுந்தால் அது கடிக்கப்போகிறது என்று அர்த்தமில்லை, பயந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னும் அழுத்தினால் கடிக்கும். அங்கேயே நின்று, தளர்வதற்குக் காத்திருங்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். நன்றாகப் போகிறதே என்று ஆசைப்பட்டு நீட்டிக்காதீர்கள்.

உங்கள் மனசில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஜெர்மனியில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கூட்டல் கழித்தல் போடுகிறது, விடையைக் குளம்பால் தட்டிச் சொல்கிறது என்று ஊரே நம்பியது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து 1907இல் விஷயத்தை உடைத்தார். கேள்வி கேட்பவரின் தலை தன்னையறியாமல் துளி அசைவதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்திக்கொண்டிருக்கிறது. கணக்கு தெரியாவிட்டாலும் அப்பேர்ப்பட்ட கண்! நீங்கள் உதை வாங்கிய பயத்தில் தோளை இறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனால் தூரத்திலேயே படித்துவிடும். புல் அறுக்கும் அம்மாவை விடுகிறது என்றீர்களே, புல்லுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். அவர் குனிந்து, பக்கவாட்டாக, கண்ணை உறுத்துப் பார்க்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு வருகிறார். அதனிடம் எதையும் கேட்பதில்லை. அவர் நடப்பதை ஒரு வாரம் தள்ளி நின்று பாருங்கள். முடிந்தால் முதல் வாரப் பாடத்தை அவர் கையிலேயே கொடுங்கள், கூலி சேர்த்துக் கொடுத்து.

பட்டினி விஷயம். கூடவே கூடாது. குதிரை வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். அதைத் தணிக்கும் எச்சில் மெல்லும்போது மட்டும்தான் ஊறும். வெறும் வயிறாகக் கட்டிப்போட்டால் புண் வரும். புண் வந்த குதிரை வயிற்றுப் பட்டை கட்டப் போனாலே கடிக்கும், அதற்கும் திமிர் என்று பேர் வைப்பார்கள். எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 250 கிலோ குட்டிக்கு ஐந்து கிலோ காய்ந்த புல், ஒரே வேளையில் கொட்டாமல் பரவலாக எப்போதும் எதிரே இருக்கட்டும். காய்ந்த அருகம்புல் கிடைத்தால் நல்லது. கொள்ளை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. வேலை இல்லாத குட்டிக்கு அது தேவையில்லை. கேட்டதற்கு ஆமாம் என்றுதான் சொல்கிறேன், ஆனால் அடக்குவதற்காக அல்ல. பச்சைச் சோளத்தை மாட்டுக்குப் போடுகிற மாதிரி இதற்குப் போடாதீர்கள், சிறுநீர்ப்பையும் பின்னங்கால் நரம்பும் கெட்டுப்போகும். கோழித் தீவனத்தை வாசம் கூடக் காட்டக் கூடாது. அதில் கலக்கும் சில மருந்துகள் குதிரையைக் கொன்றுவிடும்.

தனியாகக் கட்டியிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. தனியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். குதிரைக்கு ஒற்றையாக இருப்பதே பயம். இன்னொரு குதிரை முடியாவிட்டால் ஒரு ஆட்டையாவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கட்டுங்கள். பகலில் வேலி போட்ட காலி நிலத்தில் அவிழ்த்து விடுங்கள்.

யாராவது வந்து, காலைக் கட்டிக் கீழே தள்ளி ஏறி உட்கார்ந்தால் ஒரே நாளில் அடங்கும் என்பார்கள். அடங்கும். போராடி முடியாமல் கைவிட்டுக் கிடப்பதை அடக்கம் என்று சொன்னால் சரிதான். அப்படி அடங்கியது ஒரு நாள் ஈரோடு ரோட்டில் லாரி ஹாரனுக்கு வண்டியோடு தெறிக்கும். அன்றைக்கு அடக்கிய ஆள் கூட இருக்க மாட்டான்.

தரகரைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தையில் அசையாமல் நின்று மறுநாள் மாறியது என்றால் மயக்க ஊசி ஞாபகம் வருகிறது. கீழ் உதடு தொங்கி, தலை முழங்கால் உயரத்துக்கு இறங்கி, லேசாக ஆடி நின்றதா என்று நினைத்துப் பாருங்கள். இல்லையென்றால் லாரியில் நீண்ட பயணம், தண்ணீர் இல்லாத களைப்பு. எதுவாக இருந்தாலும் விற்றவருக்குத் தெரிந்தேதான் இருக்கும். துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவதற்கு முன் ஒரு நாள் மாலையிலும் மறுநாள் விடியலிலும் சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும், அதன் எதிரிலேயே முகக்கயிற்றைக் கழற்றி மாட்டச் சொல்ல வேண்டும். சுழி எங்கே இருக்கிறது என்று பார்த்த நேரத்தில் வாயைத் திறந்து பல்லை எண்ணியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. வடக்கிலிருந்து வந்த குதிரை என்றால் கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்றையும் கேளுங்கள், அது மனிதருக்கும் தொற்றும் நோய்.

தைப் பொங்கலுக்கு வண்டி வேண்டாம். முதுகெலும்பின் வளர்ச்சி முழுதாய் முடிய ஐந்து, ஆறு வயதாகும். மூன்றைத் தாண்டிய பிறகு, வாய் சரியாகி, கயிற்றுக்கு நடக்கக் கற்று, முதலில் வெறும் நீளக்கயிறு, அப்புறம் தரையில் உரசி வரும் ஒரு மரக்கட்டை, அப்புறம் காலி வண்டி. அடுத்த ஆடிக்குக் காலி வண்டியோடு தோட்டத்துக்குள் சுற்றினால் நல்ல வேகம் என்பேன். இந்தப் பொங்கலுக்கு நெற்றியில் பொட்டு வைத்து, கயிற்றைப் பிடித்து வாசல் வரை நடத்திக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, வாயோரம் கிழிந்தது என்றீர்களே. குதிரையை மாதிரி ரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, இரையாகும் விலங்கு வேறு இல்லை. இரும்பு கிழித்த புண், பக்கத்தில் சாணி, எருக்குழி. தடுப்பூசி போட்டதற்குச் சான்று எதுவும் தரகர் கொடுத்திருக்க மாட்டார். பல் பார்க்கப் போகும் நாள்வரை காத்திருக்காமல், நாளைக் காலையே டாக்டரைக் கூப்பிட்டு அந்த ஊசியைப் போட்டுவிடுங்கள்.