போலி கிசுகிசுப் பக்கத்துக்குப் படம் எடுக்கிறீர்களா? கேளுங்கள்

சித்திரை சீசனுக்கு நுவரெலியா வந்து ஒளிந்து திரியும் ஒரு கற்பனை நடிகை. அவளைப் பற்றிய பொய்க் கிசுகிசுப் பக்கம் ஒன்றை ஆண்டுமலருக்குச் செய்கிறோம், படம் எப்படி எடுப்பது என்று தம்பி தங்கச்சிமார் சிலர் கேட்டிருந்தீர்கள். நான் ஹட்டனில் 14 வருடமாகக் கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிக்கிறவன். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

அண்ணே, எங்கள் மொடல் என் மாமா மகள்தான். எப்படி எடுத்தாலும் பொண்ணு பார்க்க அனுப்பும் போட்டோ மாதிரியே வருகிறது. (தலவாக்கலை)

வரத்தான் செய்யும், நீங்கள் அவளை நிற்க வைத்து எடுக்கிறீர்கள். நிற்க வைக்காதீர்கள், ஒரு வேலை கொடுங்கள். வேனிலிருந்து இறங்கி, கையில் லீக்ஸ் பையோடு, இன்னொரு கையால் போனைத் தேடிக்கொண்டே கடைக்குள் போகச் சொல்லுங்கள். நீங்கள் பதினைந்து மீட்டர் தள்ளி, தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுக்கும் 200 மில்லிமீட்டர் லென்ஸோடு, ஒரு தேயிலைச் செடிக்குப் பின்னால் உட்காருங்கள். படத்தில் மூன்றில் ஒரு பங்கை மங்கலான இலை மறைத்தாலும் பரவாயில்லை, அந்த இலைதான் 'ஒளிந்திருந்து எடுத்தான்' என்று சொல்லும்.

1971இல் நியூயோர்க்கில் பிரபலங்களைத் துரத்திப் படம் எடுக்கும் ரொன் கலெல்லா என்பவர், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸை ஒரு டாக்சியில் தொடர்ந்து போனார். சாரதி ஹோர்ன் அடித்தார், அந்த அம்மா திரும்பிப் பார்த்தார், முகத்தில் முடி பறந்தது, படம் உலகப் புகழ் பெற்றது. உங்களுக்கு டாக்சி எதற்கு? ஒரு த்ரீவீல்காரத் தம்பியை ஓரமாக நிறுத்தி, மொடலுக்குச் சொல்லாமல் ஹோர்ன் அடிக்க வையுங்கள். அவள் திரும்பும்போது விடாமல் படம் அடித்துத் தள்ளுங்கள். அதில் வாய் பாதி திறந்த படத்தை எடுங்கள், அழகான படத்தை மாமாவுக்குக் கொடுத்துவிடுங்கள். (கலெல்லா போட்ட வழக்கில் அந்த அம்மா எதிர்வழக்குப் போட்டார், கோர்ட் கலெல்லாவைத் தள்ளி நிற்கச் சொன்னது. நீங்கள் கேட்டுக்கொண்டு எடுக்கிறவர்கள், அந்தப் பயம் இல்லை.)

மூன்று மணிக்கே மிஸ்ட் இறங்கிவிடுகிறது. ஃபிளாஷ் போட்டால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. (நானுஓயா)

லென்ஸுக்குப் பக்கத்தில் மிதக்கும் நீர்த்துளிகள்தான் அந்தப் புள்ளி. ஃபிளாஷைக் கமராவிலிருந்து கழற்றி, கேபிளோ ரிமோட்டோ வைத்து, ஒரு கை நீளத்துக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். மொடல் இரண்டு மூன்று மீட்டருக்குள் வர வேண்டும், அதற்கு மேல் வெளிச்சத்தை மிஸ்ட் தின்றுவிடும். ஷட்டர் வேகத்தை 1/15 நொடிக்கு இறக்கினால் பின்னால் போகும் லைட்டுகள் கோடாக இழுபடும், அதுவும் திருட்டுப் படத்துக்கு நல்லதுதான். அப்புறம், குளிரில் கிடந்த கமராவை அப்படியே சூடான வேனுக்குள் கொண்டுபோகாதீர்கள். பையில் இறுக மூடிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும்.

உடுப்பு, மேக்கப் என்ன போடலாம் அண்ணா? (பண்டாரவளை)

மறைந்து போகப் பார்க்கிறவள்தான் கண்ணில் படுவாள், சிரிப்பே அதில்தான் இருக்கிறது. கம்பளித் தொப்பி, ஆண்பிள்ளை ஜக்கெட், மிஸ்டுக்குள்ளே ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடி! காலுக்கு மட்டும் பளபளவென்று ஹீல்ஸ். மேக்கப்பில் ஒரு எச்சரிக்கை: வெயிலுக்குப் போடும் சன்ஸ்கிரீன் கலந்த பவுடர் வேண்டாம். அதில் உள்ள சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டையொக்சைட் நேர் ஃபிளாஷில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஒரு கல்யாணத்தில் பொண்ணு முகம் மட்டும் மா பூசினது போல வந்து, ஆல்பம் கொடுத்த அன்று நான் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குத்தான் தெரியும். நெற்றி எண்ணெயைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள், கிசுகிசுப் படத்துக்கு மினுக்கம் வேண்டும்.

பின்னணியில் கொழுந்து எடுக்கும் அம்மாக்கள் இருந்தால் நல்லா இருக்குமே? (மஸ்கெலியா)

எனக்குப் பிடிக்கவில்லை. படங்கு கட்டிக்கொண்டு மலையில் நிற்கிறவர்கள் யாருடைய பகிடிக்கும் திரைச்சீலை இல்லை. ஏற்கெனவே வருகிறவன் போகிறவனெல்லாம் கேட்காமல் படம் எடுத்துக்கொண்டு போகிறான். வேண்டுமென்றால் நேரே போய்க் கேளுங்கள், சம்மதித்தால் அவர்களையும் கதைக்குள் இழுங்கள்: நடிகையை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை, அம்மாக்கள் எல்லாரும் லீக்ஸ் விலையைத்தான் கேட்கிறார்கள் என்று வையுங்கள். உண்மையான நடிகை பெயர் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

போன் மட்டும்தான் இருக்கிறது. (ஹட்டன்)

போதும். விரலால் இழுத்துப் பெரிதாக்காமல், போனில் இருக்கும், தூரத்தைக் கிட்ட இழுக்கும் டெலி லென்ஸில் எடுங்கள். அது இல்லையா, கிட்டப் போய் வேன் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து எடுங்கள்.

தலைப்பு?

நம்ம பத்திரிகைக் கிசுகிசு எப்போதும் பெயர் சொல்லாது, 'மூன்றெழுத்து நடிகை' என்றுதான் ஆரம்பிக்கும். அதையே பிடித்துக்கொள்ளுங்கள். 'மூன்றெழுத்து நடிகையின் பைக்குள் என்ன?' என்று கொட்டை எழுத்தில் போட்டு, லீக்ஸ் பையைச் சுற்றிச் சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி. பக்கத்தின் அடியில் 'முழுக்கக் கற்பனை' என்று படிக்கிற அளவு எழுத்திலேயே போடுங்கள். போன வருடம் ஒரு கூட்டம் அதை எறும்பு அளவில் போட்டுவிட்டு, மொடலின் அப்பாவுக்குப் பதில் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள்.